போர் விமானத்தின் விலையும் அதன் எஞ்சினும்

2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை விமானப்படை தனது 70ஆவது ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. அவ்விழாவிற் பங்குபற்ற இந்திய விமானப்படையினரும் வந்திருந்தனர். காலிமுகத்திடலிலே கூடியிருந்த மக்களின் தலைக்கு மேலே, முக்கோணச் சிறகுடைய சிறிய போர் விமானம் செங்குத்தாக எழுந்தும் கவிழ்ந்தும் சுழன்றும் வித்தை காட்டியது. அதன் பெயர் தேஜஸ். பெங்களூரிலே வடிவமைக்கப்பட்டு அங்கேயே கட்டப்பெற்றது அது. மூன்று மாதங்கள் சென்றன. அதே ஆண்டு யூன் மாதத்தில் இலங்கை ஓர் ஒப்பந்தஞ் செய்தது. ஆனால் அது புதிய விமானத்துக்கு அன்று. தன்னிடமிருந்த பழைய கிபிர் விமானங்களுள் ஐந்தைப் புதுப்பித்துத் தருமாறு இஸ்ரேலிய விமானக் கைத்தொழில் நிறுவனத்தோடு ஏறக்குறைய 5 கோடி அமெரிக்க டொலருக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றுக்கொன்று காரணமாக அமைந்தவை அல்ல. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்குச் சில வினாக்கள் எழும். ஒரு போர் விமானத்தின் உண்மையான விலை யாது? அதனைக் கட்டிய நாடு தான் விரும்பியவர்க்கெல்லாம் அதனை விற்க முடியுமா? விலை கொடுத்து வாங்கிய நாடு அதற்கு முழு உரிமையுடையதாகுமா? இவ்வினாக்களுக்கு விடை விமானத்தின் சிறகிலும் இல்லை, அது சுமக்கும் குண்டிலும் இல்லை. உடலின் உள்ளே மறைந்திருக்கும் எஞ்சினில் இருக்கிறது.

முதலிற் கிபிரை எடுத்துக்கொள்ளலாம். வடபுலத்தார்க்கு அதனை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. 1996ஆம் ஆண்டிலிருந்து இலங்கை வானிற் பறந்த அவ்விமானத்தின் பெயர் எபிரேய மொழியிற் சிங்கக்குட்டியைக் குறிக்கும். அப்பொருளைக் கரவெட்டியிலோ கிளிநொச்சியிலோ எவரும் அகராதி பார்த்து அறிந்தாரல்லர். இரைச்சல் கேட்ட மாத்திரத்திற் பதுங்குகுழிக்கு ஓடவேண்டும் என்பதையே வன்னியிலிருந்த குழந்தைகளும் அறிந்திருந்தனர். வீட்டை இழந்தோரும் உறவை இழந்தோரும் இன்றும் அப்பெயரைத் தணிந்த குரலிலேயே சொல்வர். அவ்விரைச்சல் எழுந்தது எஞ்சினிலிருந்து. அந்த எஞ்சினோ இஸ்ரேலிற் பிறந்ததன்று.

1967இல் மத்திய கிழக்கிற் போர் மூண்டபோது, பிரெஞ்சு அதிபர் டி கோல் இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதைத் தடைசெய்தார். இஸ்ரேல் விலை கொடுத்து வாங்கியிருந்த 50 மிராஜ் விமானங்கள் பிரான்சிலேயே நின்றுவிட்டன. அதன் பின்னரே இஸ்ரேல் மிராஜின் உடலமைப்பைத் தானே கட்டத் துணிந்தது. உடலைக் கட்ட முடிந்தது. அதற்கேற்ற வலிய எஞ்சினைக் கட்ட முடியவில்லை. ஆகவே அமெரிக்காவின் பாண்டம் விமானத்திலிருந்த ஜே 79 என்னும் எஞ்சினைப் பெற்று அதனுட் பொருத்தினர். ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியின் ஆக்கம் அது.

எஞ்சினை மாற்றுவது சட்டையை மாற்றுவது போன்றதன்று. ஜே 79 பிரெஞ்சு எஞ்சினிலும் நீளங் குறைந்தது, வெப்பம் மிகுந்தது, கூடுதலான காற்றை உள்ளிழுப்பது. அதற்காக விமானத்தின் பின்னுடலைக் குறுக்கினர், காற்றுவாயில்களை அகலமாக்கினர், செங்குத்து வாலின் அடியிற் குளிர்காற்று புகத் தனி வழி திறந்தனர், வெப்பந் தாங்கத் தைத்தேனியக் கவசம் வைத்தனர். தோட்டக் கிணற்றுக்குக் கூடிய குதிரைவலுவுள்ள இறைப்பு இயந்திரத்தை வாங்கி வந்தவர், பிறகு குழாயையும் மாற்றி, வாய்க்காலையும் அகலமாக வெட்ட வேண்டி நேர்வதை வடமராட்சிக் கமக்காரர் நன்கறிவர். விமானத்திலும் அதே கதைதான். செலவுதான் வேறு.

விமானம் முடிந்தது. இஸ்ரேல் அதனை விற்க விரும்பியது. தென் அமெரிக்காவிலுள்ள எக்குவடோர் 24 கிபிர் விமானங்களை வாங்க முன்வந்தது. 1977இல் அமெரிக்க அதிபர் கார்ட்டரின் அரசு அவ்விற்பனையைத் தடுத்துவிட்டது. இஸ்ரேல் கட்டிய விமானத்தை இஸ்ரேல் விற்பதை அமெரிக்கா எவ்வாறு தடுக்கலாம் என்று கேட்கலாம். எஞ்சின் அமெரிக்காவினுடையது, அதனை மூன்றாவது நாட்டுக்குக் கைமாற்ற அமெரிக்காவின் இசைவு வேண்டும் என்பது ஒப்பந்த விதி. சில ஆண்டுகள் கழித்து, வேறோர் அதிபரின் காலத்தில், இசைவு கிடைத்த பின்னரே எக்குவடோர் கிபிரைப் பெற்றது. பிரெஞ்சுத் தடையிலிருந்து தப்பப் பிறந்த விமானம் அமெரிக்கத் தடையில் அகப்பட்டுக்கொண்டது.

தடை என்றால் என்ன என்பதைக் குடாநாட்டு மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1990களிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பற்றரி கிடையாமையாற் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். கையில் இயந்திரம் இருந்தாலும், அதற்கு வேண்டியது பிறன் கையில் இருந்தால் இயந்திரம் தன்னுடையதன்று என்பதை அக்காலம் உணர்த்தியது. நாடுகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

அங்ஙனமாயின் ஒவ்வொரு நாடும் தன் எஞ்சினைத் தானே செய்துகொள்ளலாகாதா? செய்யலாம், ஆனால் மிக அரிது. போர் விமானத்துக்கேற்ற உயர்தர எஞ்சினை முற்றாகத் தாமே ஆக்கவல்ல நாடுகள் அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு, ரஷ்யா, அண்மைக்காலத்திற் சீனா என்று விரல்விட்டு எண்ணத்தக்கவை. சீனாவுங்கூடப் பல ஆண்டுகள் ரஷ்ய எஞ்சின்களை வாங்கிப் பொருத்திய பின்னரே இந்நிலையை எட்டியது.

இதன் காரணத்தை அறிய எஞ்சினின் வேலையைச் சிறிது நோக்கவேண்டும். கொல்லன் உலையிலே துருத்தி காற்றை ஊதுகிறது, கரி கனல்கிறது. தாரை எஞ்சினிலும் துருத்தியின் வேலையைச் செய்யும் பகுதி ஒன்று முன்னே இருக்கிறது. பல வரிசைகளாக அமைந்த சுழலும் தகடுகள் காற்றை இழுத்து இருபது மடங்குக்கு மேலாக அமுக்குகின்றன. அமுங்கிய காற்றிலே எரிபொருள் தெளிக்கப்பட்டு எரிகிறது. எரிந்த வாயு பின்னோக்கிப் பாயும்போது ஒரு சுழலியைச் சுழற்றுகிறது. அச்சுழலியே முன்னுள்ள தகடுகளையும் சுழற்றுவது. எஞ்சிய வாயு பின்வாயிலாற் சீறி வெளியேற, விமானம் முன்னே தள்ளப்படுகிறது. சொல்லுக்கு எளிது. ஆனால் அந்தச் சுழலியின் தகட்டை எண்ணிப்பார்க்கவேண்டும். நவீன எஞ்சின்களில் அதன்மீது மோதும் வாயுவின் வெப்பம் 1,400 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது. தகடு செய்யப்பட்ட நிக்கற் கலப்புலோகமோ ஏறக்குறைய 1,350 பாகையில் உருகத் தொடங்கும். தான் உருகவேண்டிய வெப்பத்தில், நிமிடத்துக்குப் பல்லாயிரந் தடவை சுழன்றுகொண்டு, அத்தகடு வளையாமலும் முறியாமலும் ஆயிரக்கணக்கான மணிநேரம் உழைக்கவேண்டும்.

அதற்காகத் தகட்டின் உள்ளே நுண்ணிய வழிகள் அமைத்துக் குளிர்ந்த காற்றைச் செலுத்துவர். மேலே மட்பாண்டத்தன்மையுள்ள பூச்சொன்று இடுவர். தகடு முழுவதையும் ஒரே பளிங்காக வளர்த்தெடுப்பர். சாதாரண உலோகம் எண்ணற்ற சிறு பளிங்குகளின் சேர்க்கை. அவற்றின் எல்லைகளிலேதான் வெப்பத்தில் விரிசல் தோன்றும். எல்லையே இல்லையாயின் விரிசலுக்கு இடமில்லை. இக்கலையைப் புத்தகத்தில் எழுதிவைப்பதில்லை. விலைக்குத் தருவதும் அரிது. விமானத்தை விற்பவர் அதன் படங்களையெல்லாந் தருவர்; சுழலித் தகட்டின் இரகசியத்தை மாத்திரம் பெட்டியிற் பூட்டி வைத்துக்கொள்வர்.

இந்தியா இதனை இருமுறை கண்டது. முதன்முறை மாருத் என்னும் விமானத்தில். செருமானியப் பொறியியலறிஞர் கேர்ட் டாங்க் 1956இல் இந்தியா வந்து, பெங்களூரிலே அதனை வடிவமைத்தார். 1961 யூன் 17ஆம் நாள் அது முதன்முதலாகப் பறந்தது. ஒலியைப்போல் இருமடங்கு வேகத்திற் செல்லவேண்டும் என்பது நோக்கம். அதற்கென எதிர்பார்த்த பிரித்தானிய எஞ்சினின் அபிவிருத்தி கைவிடப்பட்டது; அதன் செலவை ஏற்க இந்தியா முன்வரவில்லை. ஆகவே ஓர்பியஸ் என்னும் வலுக்குறைந்த எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தினர். ஒலியின் வேகத்தைத் தாண்டுவதே அரிதாயிற்று. பின்னர் எகிப்து ஆக்கிக்கொண்டிருந்த எஞ்சினொன்றை மாருத்தின் உடலிற் பொருத்தி அந்நாட்டிலே பரீட்சித்தனர். எகிப்தின் திட்டமும் 1969இல் நின்றது. 147 மாருத் விமானங்கள் கட்டப்பட்டன. 1971ஆம் ஆண்டுப் போரிலும் அவை பறந்தன. விமானிகள் அதன் உடலமைப்பைப் புகழ்ந்தனர். எஞ்சினைப் புகழ்ந்தவர் இல்லை. அன்று மிச்சம்பிடித்த பணம் எவ்வளவு விலையுயர்ந்தது என்பது இருபது ஆண்டுகளின் பின்னரே தெரிந்தது.

இரண்டாம் முறை தேஜஸ். 1983இல் அரசு இத்திட்டத்துக்கு அனுமதி வழங்கியது. 1989இல் அதற்கென உள்நாட்டு எஞ்சினொன்றை ஆக்க வேறோர் அனுமதி கிடைத்தது. அவ்வெஞ்சினுக்குக் காவேரி என்று பெயரிட்டனர். தமிழர் காதுக்கு இனிய பெயர். ஆயின் எஞ்சினோ எதிர்பார்த்ததிலும் எடை கூடியதாயும் வலுக் குறைந்ததாயும் அமைந்தது. 81 கிலோநியூட்டன் உந்துவிசையை எட்டவேண்டியிருந்தது, எட்டவில்லை. உயரத்திற் பரீட்சிக்கும் வசதி உள்நாட்டில் இன்மையால் 2010இல் ரஷ்யாவுக்குக் கொண்டுசென்று, பெரிய சரக்கு விமானமொன்றிற் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதித்தனர். அதற்கு முன்பே, 2008இல், காவேரி தேஜசிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. கிளையாறுகளாகப் பிரிந்து கடலை எட்டாமற்போகும் ஆறுகள் உலகில் உண்டல்லவா? ஆயினும் அம்முயற்சி வீணானது என்று சொல்லுவது பொருந்தாது. ஆளில்லா விமானத்துக்கு அதன் ஒரு வடிவத்தைப் பயன்படுத்தும் வேலை நடைபெறுகிறது. அதிற் பயின்ற பொறியியலாளர் கைத்திறன் எங்கும் போய்விடவில்லை.

எனவே 2001 சனவரி 4ஆம் நாள் தேஜஸ் முதன்முதலாகப் பறந்தபோது அதனைத் தூக்கிச் சென்றது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப் 404 எஞ்சினே. அந்நாளுக்கு முன்பே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. 1998 மே மாதத்தில் இந்தியா பொக்ரானில் அணுகுண்டு பரீட்சித்தவுடன் அமெரிக்கா தடைகளை விதித்தது. பறப்பைக் கட்டுப்படுத்தும் முறைமையை அமெரிக்க நிறுவனமொன்றோடு சேர்ந்து ஆக்கிக்கொண்டிருந்த இந்தியப் பொறியியலாளர் வெறுங்கையோடு நாடு திரும்ப நேர்ந்தது. அவ்வேலையைத் தாமே பெங்களூரில் முடித்தனர் என்பது அவர்களுக்குப் பெருமை.

இனி விலையைப் பார்ப்போம். 2021 பெப்ரவரியில் இந்திய அரசு 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு ஏறக்குறைய 48,000 கோடி இந்திய ரூபாய்க்கு ஒப்பந்தஞ் செய்தது. வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 578 கோடி ரூபாய் வரும். பத்திரிகைகள் இத்தொகையைக் கண்டு திகைத்தன. ஆனால் இந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸ் நிறுவனத்தின் அக்காலத் தலைவர் கொடுத்த விளக்கத்தின்படி, விமானங்களின் அடிப்படை விலை ஏறக்குறைய 25,000 கோடியே. போர் விமானம் ஒன்றுக்கு 309 கோடி. பயிற்சி விமானத்துக்கு 280 கோடி. எஞ்சிய தொகை தளங்களில் வேண்டிய கருவிகளுக்கும் வசதிகளுக்கும், சுங்க வரிக்கும் விற்பனை வரிக்கும், நாணய மாற்று வேறுபாட்டுக்கும் ஆவது. ஆகவே ஒரு நாடு வாங்கிய விமானத்தின் விலையை மற்றொரு நாட்டின் விலையோடு ஒப்பிடுவோர், அத்தொகையினுள் என்னென்ன அடங்கியுள்ளன என்று முதலிற் கேட்கவேண்டும். கலியாண வீட்டுச் செலவென்று ஒருவர் சொல்வதில் நகையும் அடங்குமா என்று கேட்பது போல.

எஞ்சினுக்கு வருவோம். 2021 ஓகஸ்ட் மாதத்தில் 99 எஞ்சின்கள் 5,375 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தஞ் செய்யப்பட்டன. ஒன்றின் விலை ஏறக்குறைய 54 கோடி. அடிப்படை விலையில் அது ஐந்தில் ஒரு பங்குக்குங் குறைவு. கணக்குப் புத்தகத்தில் இச்சிறுபங்கே எஞ்சினின் இடம். தொழிற்சாலையிலோ அதன் இடம் வேறு. முன்னைய கட்டளைகளுக்குரிய எஞ்சின்களைக் கொடுத்து முடித்த ஜெனரல் எலெக்ட்ரிக், அவ்வகை எஞ்சினின் உற்பத்தி வரிசையை மூடியிருந்தது. அதனை மீளத் திறந்து, உதிரிப்பாகம் வழங்குவோரையெல்லாம் மீளத் திரட்ட ஆண்டுகள் கழிந்தன. 2024இன் தொடக்கத்திலேயே விமானப்படைக்கு விமானம் கிடைத்திருக்கவேண்டும். புதிய கட்டளையின் முதலாவது எஞ்சினே 2025 மார்ச்சிற்றான் வந்தது. மின்னணுக் கருவிகளின் பரீட்சைகளும் தாமதத்துக்குக் காரணமாயின என்பதை மறைக்கலாகாது. ஆயினும் எஞ்சினில்லாத விமானத்தின் பரீட்சைகள் முடிந்தென்ன, முடியாவிட்டாலென்ன?

2025 செப்ரெம்பரில் மேலும் 97 விமானங்களுக்கு, வரிகள் நீங்கலாக, 62,370 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் 113 எஞ்சின்களுக்கு அதே அமெரிக்கக் கொம்பனியுடன் மற்றோர் ஒப்பந்தம்.

ஏற்றுமதி பற்றிய நம்பிக்கைகள் இத்தகைய அத்திவாரத்தின்மேலேயே நிற்கின்றன. மலேசியா சிறிய போர் விமானங்களுக்குக் கேள்விப்பத்திரம் கோரியபோது இந்தியாவும் போட்டியிட்டது. 2023இல் மலேசியா தென் கொரியாவின் எஃப்ஏ 50 விமானங்கள் 18ஐ 92 கோடி டொலருக்கு வாங்க முடிவுசெய்தது. இங்கே ஒரு வேடிக்கை. அந்தக் கொரிய விமானத்தினுள் இருப்பதும் அதே எஃப் 404 குடும்பத்து எஞ்சினே! ஆகவே கொரியா வென்றது எஞ்சினால் அன்று. பிலிப்பைன்சும் ஈராக்கும் அதனை முன்பே வாங்கிப் பறந்துகொண்டிருந்தன. தொழிற்சாலை சொன்ன தவணையில் விமானம் தந்தது. தன் விமானப்படைக்கே தவணையில் கொடுக்க இயலாத விற்பனையாளரிடம் அயல்நாட்டார் தயங்குவது இயல்பு.

ஆர்ஜென்ரீனாவின் கதை இன்னும் தெளிவானது. 1982இல் போக்லண்ட் தீவுகளுக்காகப் பிரித்தானியாவுடன் போரிட்ட நாடு அது. 2020இல் அது எஃப்ஏ 50ஐ விரும்பியபோது, அவ்விமானத்தில் ஆறு பிரித்தானியப் பாகங்கள் இருப்பதால் விற்க இயலாது என்று கொரிய நிறுவனம் எழுதிவிட்டது. தேஜசிலோ விமானியை வெளியே எறியும் ஆசனம் பிரித்தானியாவினுடையது. இறுதியில், 2024இல், ஆர்ஜென்ரீனா டென்மார்க் பாவித்த 24 எஃப் 16 விமானங்களை வாங்கியது. ஓர் ஆசனம் ஒரு சந்தையை மூடவல்லது என்றால், எஞ்சின் எத்தனை சந்தைகளை மூடவல்லது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

2025 நவம்பர் 21ஆம் நாள் டுபாய் விமானக் கண்காட்சியிலே, உலகத்து வாங்குவோர் பார்த்துக்கொண்டிருக்கையில், தேஜஸ் ஒன்று தரையில் மோதித் தீப்பற்றியது. அதன் விமானி உயிரிழந்தார். ஒரு விபத்தைக்கொண்டு ஒரு விமானத்தைத் தீர்மானிப்பது நேர்மையன்று. வேறு பெயர்பெற்ற விமானங்களும் கண்காட்சிகளில் வீழ்ந்ததுண்டு. எனினும் 2025 முடியும்வரை எந்த அயல்நாடும் தேஜசை வாங்க ஒப்பந்தஞ் செய்யவில்லை.

வலுவை உயர்த்தும் திட்டங்கள் நிற்கவில்லை. எஃப் 404 ஏறக்குறைய 85 கிலோநியூட்டன் தருவது. அதன் தம்பியான எஃப் 414 தருவது 98. அதனைப் பொருத்தத்தக்க பெரிய தேஜஸ் மார்க் 2இன் உடல் நீண்டது, எரிபொருளும் ஆயுதமும் கூடுதலாகச் சுமப்பது. அவ்வெஞ்சினை இந்தியாவிலேயே கட்டவும் தொழில்நுட்பத்தின் பெரும்பகுதியைக் கையளிக்கவும் 2023 யூன் மாதத்தில் இணக்கம் காணப்பட்டது. இணக்கத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையிலுள்ள தூரம் நீண்டதாகவே இருந்தது. 2025 ஓகஸ்டில், பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் வேறொரு வழியையும் அறிவித்தார்: எதிர்கால விமானத்துக்கு 120 கிலோநியூட்டன் எஞ்சினொன்றைப் பிரான்சின் சாப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து ஆக்குவது. உலோகத் தகட்டின் இரகசியம் எவ்வளவு கையளிக்கப்படும் என்பதிலேதான் அம்முயற்சியின் பெறுமதி தங்கியுள்ளது.

கிபிர் வைத்திருந்த மற்றொரு நாடு கொலம்பியா. அது 2025 நவம்பரிற் சுவீடனின் கிரிப்பென் விமானங்கள் 17ஐ, பயிற்சி முதலியவற்றோடு, 310 கோடி யூரோவுக்கு வாங்க ஒப்பந்தஞ் செய்தது. கிரிப்பெனின் புதிய வடிவத்தில் இருப்பதும் எஃப் 414 எஞ்சினே.

கட்டுநாயக்காவிலுள்ள ஐந்து கிபிர் விமானங்களைப் பற்றி ஒன்று எஞ்சியிருக்கிறது. 5 கோடி டொலரை ஐந்தால் வகுத்தால் விமானம் ஒன்றுக்கு ஒரு கோடி டொலர். மலேசியா புதிய விமானம் ஒன்றுக்குக் கொடுப்பதோ, துணைச்செலவுகளையுஞ் சேர்த்து, ஐந்து கோடிக்கு மேல். இவ்வேறுபாடே புதுப்பித்தலுக்குச் சார்பான வாதம். றேடார், உணர்கருவிகள், தொடர்புச் சாதனங்கள், விமானியின் தலைக்கவசம் ஆகியவை புதியனவாக மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த ஒரு கோடியும் டொலரிலேயே செலுத்தவேண்டியது. ஒப்பந்தம் நடந்து பத்து மாதங்களின் பின், 2022 ஏப்பிரலில், டொலரின்றி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றனர்; பருத்தித்துறைக் கடற்றொழிலாளர் எண்ணெயின்றி வள்ளங்களைக் கரையேற்றினர். ஐந்து கோடி டொலர் அந்நெருக்கடியை உண்டாக்கவில்லை. அத்தொகை அதன் ஒரு துளியே. ஆயினும் அந்நாட்களில் ஒவ்வொரு துளிக்கும் கணக்குக் கேட்கப்பட்டது.

புதுப்பித்த கிபிர் பதினைந்து ஆண்டு பறக்கும் எனக் கூறப்பட்டது. 2030களின் பிற்பகுதியில் அக்காலம் முடியும். அப்போது கொழும்பு புதிய விமானத்துக்குக் கேள்விப்பத்திரம் கோருமாயின், பெங்களூரிலிருந்து ஒருவரும், தென் கொரியாவிலிருந்து ஒருவரும், சுவீடனிலிருந்து ஒருவரும் வரக்கூடும். மூவரும் காட்டும் விமானங்களின் உருவம் வேறு, விலை வேறு, கொடி வேறு. மூன்றினுள்ளும் உள்ள எஞ்சின்கள் ஜெனரல் எலெக்ட்ரிக் வடிவமைத்தவை. மூன்றையும் விற்பதற்கு வோஷிங்டனின் இசைவு வேண்டும்.